நீங்க குடுக்கலாம், நான் வாங்கக் கூடாதா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். ஏழு மா நிலத்தில் சம்பா போடுகிறேன். ஒரே மகன், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. 2018-இல் கஜா புயலில் கூரை போய் நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது ஓர் அதிகாரி வந்தார். என் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பெயர் கேட்டு, என்னென்ன போச்சு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மகனுக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "கலெக்டர் ஆவேன்" என்பான்.

போன அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். இரவுக் காவலுக்கு அவனையும் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று தள்ளிவைத்த நெல், மூட்டைக்கு 40 ரூபாய் கொடுத்ததும் அரை மணியில் தராசுக்குப் போனது. 110 மூட்டை. நான் பணம் எண்ணிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா குடுத்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

இப்போது பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் கிளாஸ் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதுவது அவன் வேலை. எழுதிய பெயரை அழிக்க ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கியிருக்கிறான். ஜாமெட்ரி பாக்ஸில் 46 ரூபாயும், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிய ஒரு சீட்டும் இருந்தன. கண்டித்தால், "நீங்க குடுக்கலாம், நான் வாங்கக் கூடாதா?" என்கிறான். கலெக்டர் பேச்சே இல்லை. ஈரம் பார்க்கும் மெஷின்கிட்ட நிற்கும் வேலைக்கு என்ன படிக்கணும் என்று அவன் மாமாவிடம் கேட்டிருக்கிறான். ஊரை விட்டு விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறாள் மனைவி. வெள்ளை மனசோடு இருந்த பிள்ளை கெட்டுப்போய்விட்டானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை. அந்த 46 ரூபாயில் ஒரு பைசா கூட அவன் செலவு செய்யவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்று விற்கிறார்கள், ஐஸ் விற்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் கையில் 46 ரூபாய் தங்குவது சாதாரண விஷயம் இல்லை. காசுக்கு ஆசைப்பட்டவன் தின்று தீர்த்திருப்பான், சீட்டு எழுதி வைத்திருக்க மாட்டான். அவன் வேறு எதையோ சோதித்துப் பார்த்திருக்கிறான். களத்தில் பார்த்தது வகுப்பிலும் நடக்குமா என்று பார்த்தான். நடந்தது. அதுதான் அவனை உலுக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் சொல்வதே சட்டம். பத்துப் பன்னிரண்டில் அது மாறும். சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற உளவியல் அறிஞர் பிள்ளைகள் கோலி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விதியை யார் போட்டது? மாற்றலாமா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1932-இல் வந்த ஆய்வு அது. சின்னப் பிள்ளைகள் விதியை மாற்றவே கூடாது என்றார்கள். பெரிய பிள்ளைகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அதாவது விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல, மனிதர்கள் போட்டது என்று பிள்ளைக்குப் புரிகிற வயது இது. நியாயம், அநியாயம் என்று சதா சண்டை பிடிப்பதும் இந்த வயதில்தான். அந்த நேரம் பார்த்து உங்கள் மகனுக்கு ஊரின் இன்னொரு விதிப் புத்தகம் கண்ணில் பட்டுவிட்டது. மெஷின் காட்டுகிற எண் ஒன்று, நடப்பது ஒன்று.

இன்னொன்றும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்ததிலேயே பலமான ஆள் நீங்கள். அந்த நீங்களே கைகட்டி நிற்கிறீர்கள், எண்ணிக் கொடுக்கிறீர்கள், திரும்பி அவனையே அறைகிறீர்கள். அந்தக் களத்தில் அவனுக்கு இரண்டு இடங்கள்தான் தெரிந்தன. ஒன்று கொடுக்கிறவர் இடம், அங்கே அவமானம். மற்றது வாங்குகிறவர் இடம், அங்கே யாரும் அறை வாங்குவதில்லை. எந்த இடம் வலிக்காதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். தன்னை மிரட்டுகிறவரைப் போலவே தானும் ஆகிவிட்டால் பயம் போய்விடும் என்று குழந்தை மனம் போடும் இந்தக் கணக்கை அன்னா ஃப்ராய்டு 1936-லேயே விளக்கியிருக்கிறார். பேய்க்குப் பயந்த பிள்ளை தானே பேய் வேஷம் போட்டு ஆடுவதும் இதே கணக்குத்தான். மெஷின் வேலைக்கு என்ன படிக்கணும் என்று அவன் கேட்டதை நான் பேராசையாகப் பார்க்கவில்லை. இனி அந்த இடத்தில் எனக்கு வலிக்கக் கூடாது என்கிறான்.

ஆகவே முதல் வேலை உங்களுடையது. அறைந்ததற்கு அவனிடம் வருத்தம் சொல்லுங்கள். அப்பா மகனிடம் எப்படி என்று தோன்றும். நம் பக்கத்தில் அந்த வழக்கம் குறைவு என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சரியான கேள்விக்கு அறை விழுந்தால், கேள்வி கேட்பதுதான் தப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்வான். அது அந்த நாலாயிரத்து நானூறு ரூபாயை விடப் பெரிய நஷ்டம்.

எப்படிச் சொல்வது? உட்காரவைத்து நேருக்கு நேர் பேசினால் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருக்கும். பம்புசெட்டுக்குப் போகும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ பேசுங்கள். முகம் பார்க்காமல் பேசினால் ஆண்பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அன்னிக்கு உன்னை அடிச்சது தப்புடா. நீ கேட்டது நியாயம். மழை வந்து நெல்லு நனைஞ்சிட்டா வாங்கின கடனைக் கட்ட முடியாதேன்னு பயந்துட்டேன். அதான் குடுத்தேன். குடுத்தது எனக்குப் பிடிக்கல. நீ அதைப் பார்த்துட்டேங்கறது அதைவிடப் பிடிக்கல."

அதோடு நிறுத்திவிடுங்கள். உடனே ஒரு பாடம் நடத்த வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவன் பதில் சொல்லாமல் போகலாம். பரவாயில்லை, இரண்டு நாள் கழித்து வேறு எதையோ கேட்பதுபோல் வந்து கேட்பான்.

கேட்கும்போது மூன்று பதில்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். "இதெல்லாம் சகஜம்டா, ஊரோட ஒத்துப் போகணும்" என்பது ஒன்று. அது அவன் போட்ட கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. "அவனுங்க எல்லாம் திருட்டுப் பசங்க" என்பது இன்னொன்று. மெஷின்காரர் மகனும் இவன் வகுப்பில் படிக்கலாம், சொல்ல முடியாது. மேலும் அந்த 40 ரூபாயில் மூட்டை தூக்குகிறவர் கூலி எவ்வளவு, மாமூல் எவ்வளவு, மேலே போவது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அந்தக் குழப்பத்தில்தான் மாமூலே பிழைக்கிறது.

மூன்றாவதுதான் நல்லவர்கள் சொல்கிற பதில். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "நீ நல்லா படிச்சு கலெக்டர் ஆகி இதையெல்லாம் ஒழிக்கணும்பா." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரியவர்கள் நம்மால் முடியாததை மூட்டை கட்டி ஏழாம் வகுப்புப் பையன் தலையில் ஏற்றுகிறோம். என்னிடம் வரும் பிள்ளைகளில், அதிலும் படிக்கிற பிள்ளைகளில், இந்தச் சுமையோடு வருகிறவர்கள் பலர். வீட்டில் எல்லாருடைய அவமானத்துக்கும் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள். ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் பரம்பரையே தோற்றுவிட்டதுபோல் உடைந்துபோவார்கள். ஊரைத் திருத்துவது உங்கள் மகன் வேலை இல்லை. அவன் ஆசை அவனுக்கு வேண்டியதாக இருக்கட்டும். நமக்குப் பழி தீர்க்கிற கருவியாக வேண்டாம்.

சரி, "நீங்க குடுக்கலாம், நான் வாங்கக் கூடாதா?" என்ற கேள்விக்கு என்ன பதில்? கேள்வி கூர்மையானது, மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவான். அந்தச் சீட்டை எடுத்து அவன் முன்னால் வையுங்கள். முதல் பெயரைக் காட்டி, "இந்தப் பையன் உன்கிட்ட ரெண்டு ரூபா குடுக்கும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவன் யோசிக்கட்டும். பிறகு, "கொள்முதல் நிலையத்துல நான் இந்தப் பையன் மாதிரிதான் நின்னேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வாங்குகிறவர் இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அவன் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் முகம் தெரியவில்லை. அது தன் அப்பாவின் முகம் என்று தெரிந்தால் போதும்.

காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவனே, தனித்தனியாக, சீட்டைப் பார்த்து. நீங்களும் டீச்சரும் கூட நின்று பார்க்க வேண்டாம். பிரேயரில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைப்பது எந்தக் காரணத்தைக் கொண்டும் கூடாது. அப்படிச் செய்தால் இன்னொரு அவமானம், இன்னொரு பழி. கணக்கு எழுதி வைத்திருக்கிறான் இல்லையா, அந்தக் கணக்குக்கு இப்போது ஒரு நல்ல உபயோகம் வந்துவிட்டது என்று அவனிடமே சொல்லுங்கள்.

டீச்சரிடம் ஒரு வார்த்தை. டீச்சர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேசுகிறவர்கள் பெயரை எழுது என்று ஒரு சிறுவன் கையில் சாக்பீஸைக் கொடுப்பது நாம் எல்லாரும் படித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஆனால் யோசித்துப் பாருங்கள். யார் பெயரை எழுதலாம், எதற்காக எழுதலாம் என்று கேட்க ஆள் இல்லை. எழுதினால் தண்டனை, அழித்தால் தப்பித்தல், இரண்டும் ஒரே கையில். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்ப்பவர் கையிலும் இதே அதிகாரம்தான் இருக்கிறது. லீடர் வேலையை அவனிடமிருந்து பறிக்க வேண்டாம். பெயர் எழுதும் வேலையை மட்டும் யாருக்கும் இல்லாமல் எடுத்துவிட்டு, வருகைப் பதிவு, நூலகப் புத்தகம் கொடுத்து வாங்குவது மாதிரி எல்லாரும் சரிபார்க்கக்கூடிய பொறுப்பாகக் கொடுக்கலாம்.

இனி அவனுடைய கலெக்டர் கனவு. அந்தக் கனவு எங்கே பிறந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் கார், பங்களா பார்த்து ஆசைப்படவில்லை. கஜா அடித்து நாலாபுறமும் தென்னை சாய்ந்து கிடந்த நேரத்தில், ஒருவர் தரையில் உட்கார்ந்து அவன் பாட்டி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். ஆறு வயதில் அவன் மனதில் தங்கியது அந்த மனிதர். அவர் கலெக்டரா, தாசில்தாரா, கிராம நிர்வாக அலுவலரா என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அவரும் அரசாங்க ஆள்தான், களத்தில் பார்த்தவரும் அரசாங்க ஆள்தான். இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள அவனுக்கு உதவி வேண்டும். அந்த நோட்டுக்காரரைப் பற்றி அவனிடம் பேச்சுக் கொடுங்கள். பாட்டி இருக்கிறார் என்றால் அவரையே பேசவிடுங்கள், உங்களைவிட நன்றாகச் சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பெயரையும் ஊரையும் நான் இங்கே போடாததற்கு அதுவும் காரணம். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் வேறு வழியில்லாமல் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்துவிட்டால் அவர் மீது குற்றம் வராது. கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி கொடுத்தாலும் அப்படித்தான். உங்கள் விஷயத்தில் அந்த ஏழு நாள் போய்விட்டது. நடந்ததற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

நீங்கள் போய்ப் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த போகமும் அதே நிலையத்துக்குத்தான் போகப் போகிறீர்கள். நனைந்த நெல்லோடு ரோட்டில் நிற்கிறவருக்கு வீரம் போதிப்பது எனக்குச் சுலபம். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறை தமிழ்நாட்டில் 1964-லிருந்து இருக்கிறது. ரசாயனம் தடவிய நோட்டு என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த ரசாயனம் பினாப்தலீன். அமிலம், காரம் பாடத்தில் வருகிற அதே நிறங்காட்டி. நோட்டை வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் அறிவுரை அத்தனையையும்விட இதைத்தான் நண்பர்களிடம் போய்ச் சொல்வான். வாங்குகிறவர் இடமும் வலிக்கிற இடமாகலாம் என்று அவனாகவே சேர்த்துப் பார்த்துக்கொள்வான்.

கணக்கு நன்றாக வருமா அவனுக்கு? அந்தச் சீட்டைப் பார்த்தால் வரும் என்றுதான் தோன்றுகிறது. வா, ஒரு கணக்குப் போடலாம் என்று கூப்பிடுங்கள். 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு அரசு கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 980. நீங்கள் கொடுத்தது 4,400. ஏறக்குறைய நாலரை மூட்டை. நாற்று விட்டது, பறித்து நட்டது, களை எடுத்தது, உரம் போட்டது எல்லாவற்றுக்கும் பிறகு நாலரை மூட்டை சும்மா போயிருக்கிறது. 17 சதவீதம் வரை ஈரம் இருந்தால் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அன்று நம் நெல்லுக்கு மெஷின் என்ன காட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஊர் கெட்டுப்போச்சு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்குப் பயம்தான் வரும். எங்கே, எவ்வளவு, எப்படி என்று தெரிந்தால் பயம் குறைந்து கோபம் வரும். இந்த விஷயத்தில் கோபம் வந்தால் நல்லது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருத்துறைப்பூண்டியில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவின் நினைவிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் நம் பண்ணைகளில் சாதாரண வழக்கமாக இருந்த 1940-களில், கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்து இங்கே சேரி சேரியாகத் தங்கி, அடித்தால் எதிர்த்து நிற்கிற தைரியத்தை நம் ஜனங்களுக்கு ஊட்டியவர். அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அப்போதும் "இதெல்லாம் சகஜம்" என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள் என்று பையனுக்குச் சொல்லுங்கள், போதும். கிராம சபைக்கும் ஒரு தரம் கூட்டிப்போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆண்டுக்கு ஆறு நாள். பல ஊரில் நோட்டில் கையெழுத்து வாங்கி டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் யாராவது ஒரு ஆயா எழுந்து தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சத்தமாகக் கேட்பார். அவன் அதைப் பார்க்க வேண்டும். கொடுக்கிறவர், வாங்குகிறவர் தவிர கேட்கிறவர் என்று மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

படிப்பு விஷயத்தில் இப்போதைக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. என்எம்எம்எஸ் என்றால் டீச்சருக்குத் தெரியும். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் அவன் பெயரில் வங்கிக் கணக்குக்கே வரும். எழுத வேண்டுமானால் ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. யாருக்கும் எதுவும் கொடுக்காமல் தன் கையெழுத்தால் ஒரு காரியம் நடக்கிறது என்று அவன் அனுபவித்துப் பார்க்கட்டும். கலெக்டர் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் கனவு மாறுவது சகஜம். அது வேறு ஏதாவதாக மாறினாலும் கவலை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்து, 'நான் எதுக்கு இருக்கணும்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தாமதிக்காதீர்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

விடுதி வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் இப்போது அனுப்பினால், கேள்வி கேட்டதற்கு முதலில் அறை, அடுத்து நாடு கடத்தல் என்றுதான் அவனுக்குத் தோன்றும். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மட்டும் மாமூல் இல்லையா என்ன? பத்தாம் வகுப்பு முடியட்டும், அப்போது அவனையும் கேட்டு முடிவு செய்யலாம்.

அடுத்த சம்பா அறுத்து நெல்லைக் கொண்டுபோகும்போது அவன் வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள், வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பள்ளி நாளாக இருந்தால் எப்படியும் வேண்டாம், படுதா விரிக்க மாமாவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.